மேலுதட்டுக்கு ஒரு லிப்ஸ்டிக்

ஹமாதா
3 டிசம்பர் 1975

மிசாவோவுக்கு,

உன் மொட்டைத்தலை அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா, சலூன், கடல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இல்லாதது என் தலைமுடி மட்டும்தான். அதுவும் வழக்கம்தான்.

நீ மைக்கோவாக, அதாவது கெய்ஷா ஆகப் பயிலும் பெண்ணாக, முதல்முதல் வெளியே வந்த நாளில் எடுத்த படம் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்ததும் அம்மா, யார் வீட்டுப் படத்தையோ தபால்காரர் நமக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றாள். பிறகு பின்னால் எழுதியிருந்த உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முகம் பூராவும் வெள்ளை, தலையில் பூங்கொத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் பட்டுப் பட்டை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கியோத்தோ போய்விட்டு வந்து, "அப்பா, நானும் அப்படி ஆகணும்" என்று நீ சோறு தின்னாமல் கிடந்தபோது இப்படி ஆகிவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு நாளில் பசிக்கும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒன்று கண்டுபிடித்தாள். உன் கிமோனோவின் தோளில் மடித்துத் தைத்திருக்கிறார்களாமே, சின்னப் பிள்ளைகளுக்குத் தைப்பதுபோல. "வளர்ற பிள்ளைன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள். நீ தங்கிப் பழகும் கெய்ஷா வீட்டு எஜமானியை நீ 'அம்மா' என்று கூப்பிடுவது அவளுக்கு இன்னும் செரிக்கவில்லை. அதுதான் அங்கே முறை என்று நான் சொன்னேன். "அப்போ என்னை எப்படிக் கூப்பிடுவாளாம், சித்தின்னா?" என்கிறாள்.

படத்தைச் சலூன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். முடிவெட்ட வருகிற படகுக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். "உன் ஜாடை இல்லையே தொகுஜி, பொண்ணு பொழச்சுது" என்றார் ஒருவர். அவருக்குக் கிருதாவை ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றி வெட்டி அனுப்பினேன்.

ஆனால் ஒரு விஷயம் எல்லாருக்கும் உறுத்துகிறது. உன் கீழுதடு சிவப்பாக இருக்கிறது, மேலுதடு வெள்ளையாக இருக்கிறது. முதலில் படம் பிடித்தவன்மேல் சந்தேகப்பட்டேன். எதிர்ச்சாரியில் சலூன் வைத்திருக்கும் ஒகினோ, "கியோத்தோக்காரங்க சிக்கனம். பாதி பூசினாப் போதும்னு விட்டிருப்பாங்க" என்கிறான். அவன் வாயை அடைக்கவாவது ஏதாவது செய்தாக வேண்டும் என்று மீன் சந்தைக்கு எதிரே உள்ள கடைக்குப் போய் ஒரு லிப்ஸ்டிக் வாங்கினேன். கடைக்காரப் பெண் எந்த நிறம் என்று கேட்டாள். மேலுதட்டுக்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இதோடு அனுப்பியிருக்கிறேன். கூடவே நம்ம ஊர் நாக்குமீன் கருவாடும் இருக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் கொடு.

அப்பா


கியோத்தோ
15 டிசம்பர் 1975

அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. இங்கே புதிதாக வந்த பெண்களுக்கு எது வந்தாலும் சசாயா வீட்டு அம்மா முன்னால்தான் பிரிக்க வேண்டும். அக்காமார்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கருவாட்டுக்கு உள்ளேயிருந்து லிப்ஸ்டிக் உருண்டு வந்தது. அதில் நீங்கள் கட்டியிருந்த சீட்டையும் அம்மா வாய்விட்டுப் படித்தார். 'மேலுதட்டுக்கு' என்று எழுதியிருந்தீர்கள்.

அப்பா, முதல் வருஷ மைக்கோ கீழுதட்டுக்கு மட்டும்தான் சிவப்பு பூச வேண்டும். இது இந்த ஊரில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். உதட்டைப் பார்த்தாலே இவள் எத்தனை நாள் பழையவள் என்று சொல்லிவிடுவார்கள். வருஷம் திரும்பினால்தான் மேலுதடு. லிப்ஸ்டிக்கும் நாங்கள் போடுவதில்லை, சிவப்புக் குழம்பைத் தூரிகையால் தொட்டு வைப்பதுதான்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அம்மா சிரித்துக்கொண்டே, "உங்க அப்பா ரொம்ப அக்கறையானவர்" என்றார். கியோத்தோவில் இப்படிச் சொன்னால் அதற்கு வேறு பொருள். அன்றிலிருந்து அக்காமார்கள் என்னை 'மேலுதடு' என்று கூப்பிடுகிறார்கள். "மேலுதடு, தேநீர் கொண்டா." "மேலுதடு, என் செருப்பு எங்கே?" கருவாட்டு வாடை அலமாரிக்குள் போய்விட்டது. விலை சொல்லவே பயமாக இருக்கும் கிமோனோக்கள் அங்கே இருக்கின்றன.

நீங்கள் நினைப்பதுபோல் இது வேஷம் கட்டுவது இல்லை. பட்டுப் பட்டையைக் கட்ட ஒரு ஆண் வருகிறார், இறுக்கும்போது எனக்குக் கால் தரையில் நிற்காது. தலையை வாரத்துக்கு ஒருமுறைதான் கலைத்துக் கட்டுவார்கள். அது கலையாமல் இருக்க மரக்கட்டைத் தலையணையில் கழுத்தை வைத்துத் தூங்க வேண்டும். தலையணையைச் சுற்றித் தவிடு தூவி வைக்கிறார்கள். தூக்கத்தில் தலை நழுவினால் காலையில் முடியில் தவிடு ஒட்டியிருக்கும், திருடனைப் பிடிப்பதுபோலப் பிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் எதிலாவது பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்கு நடுவில் நீங்களும்.

தயவுசெய்து இனி எதுவும் அனுப்பாதீர்கள். படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே வந்தாலும் மிசாவோ என்று கூப்பிடாதீர்கள். இங்கே என் பெயர் உமேசயோ.

உமேசயோ


ஹமாதா
8 ஜனவரி 1976

மகளுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாகப் போகட்டும்.

படத்தை எடுத்துவிட்டேன். பசை விடாமல் பிடித்துக்கொண்டதில் கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சதுரம் நின்றுவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அது என்ன என்று கேட்கிறார்கள், நான் கிருதாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். எந்த உதட்டுக்கு எந்த வருஷம் என்று எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. இப்போது தெரிந்துகொண்டேன். ஒகினோவுக்கும் சொன்னேன். அவன் இதை ஏற்கெனவே தெரியும் என்பதுபோலத் தலையாட்டுகிறான், அயோக்கியன்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள். உங்கள் உடுப்பில் கழுத்துக்குப் பின்னால் திறந்தே விட்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குக் கவலை.

அப்பா


ஹமாதா
2 மே 1976

உயர்திரு உமேசயோ அவர்களுக்கு,

ஹமாதா துறைமுகத்தில் சலூன் வைத்திருக்கும் தொகுஜி பணிவுடன் எழுதிக்கொள்வது.

போன மாதம் எங்கள் முடிதிருத்துவோர் சங்கத்தார் செர்ரிப்பூ பார்க்கக் கியோத்தோ வந்திருந்தோம். முன்கூட்டி எழுதவில்லை. எழுதினால் வராதீர்கள் என்பீர்களோ என்று இருந்தது. உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் எண்ணமும் இல்லை. தூரத்திலிருந்து ஒருதடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் மற்றவர்களை உங்கள் தெருவுக்குப் போகும் பெரிய பாலத்தில் இளைப்பாற நிற்கவைத்தேன். கொஞ்ச நேரத்தில் எதிரே வந்தீர்கள். குடையைச் சாய்த்துப் பிடித்து, பட்டுப் பட்டை பின்னால் ஆட, சின்னச் சின்ன அடியாக. நான் ஒகினோவின் கையைப் பிடித்துக் காட்டினேன். "பாருடா. வருஷம் திரும்பிடுச்சு, ரெண்டு உதடும் சிவப்பு. நான் அனுப்பினது வீணாப் போகலை."

பிறகு நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. சத்தம் கொஞ்சம் அதிகம்தான், துறைமுகத்தில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை.

நீங்கள் நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். வரி வசூலிக்க வந்தவரை வணங்குவதுபோல அழகாகக் குனிந்து வணங்கினீர்கள். போய்விட்டீர்கள். நானும் பதிலுக்குக் குனிந்தேன். நிமிர்ந்தபோது சங்கத்தார் எல்லாரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒகினோகூடத்தான்.

வீதியில் பேசக்கூடாது என்பது அவர்கள் வீட்டு விதி என்று நானே எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். என் மனைவி யசுனோவிடம், அதாவது உங்கள் சித்தியிடம், இன்னும் சொல்லவில்லை. பாலத்தில் நிற்கும்போது நான் போட்டிருந்தது நல்ல கோட்டுத்தான். சட்டைக் காலர் மட்டும் கொஞ்சம் பழசு.

இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

தொகுஜி


கியோத்தோ
6 மே 1976

அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்தேன். இங்கே அழ வேறு இடம் கிடையாது, வெள்ளை பூசியபின் அழவும் கூடாது.

அது நான் இல்லை.

இரண்டு உதடும் சிவப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நவம்பர் வரை கீழுதடு மட்டும்தான். நான் நடந்தால் மரச்செருப்புக்குள் மணி கிலுங்கும், முதல் வருஷப் பெண் வருகிறாள் என்று தெருவுக்கே தெரியும். உங்களுக்கு மணிச்சத்தம் கேட்டதா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். அது வேறு வீட்டுப் பெண், கிகுஹனா. எனக்கு இரண்டு வருஷம் மூத்தவள்.

எப்படித் தெரியும் என்றால், அப்பா, இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். நடன வகுப்பில் எல்லா வீட்டுப் பெண்களும் ஒன்றாகக் காத்திருப்போம். போன மாதம் ஒருநாள் கிகுஹனா ஒரு கதை சொன்னாள். "பாலத்துல ஒரு மொட்டைத்தலை மாமா, யாரோ ஒரு பொண்ணு பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஊரே திரும்பிப் பாத்துது. என்ன பண்றதுன்னு தெரியாம வணங்கினேன். அவரு என்னைவிட அதிகமாக் குனிஞ்சிட்டாரு." எழுந்து நின்று குனிந்தும் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம்.

நானும் சிரித்தேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்றுக் கேட்டேன். அவள் சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் புரிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். "உங்க அப்பா முகம் ரொம்ப நல்ல முகம், அதான் திட்டத் தோணலை" என்றாள்.

உங்கள் காலரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நான் வணங்கிவிட்டுப் போகிறவள் என்று எப்படி நினைத்தீர்கள்? ஆனால் டிசம்பரில் அப்படிக் கடிதம் எழுதியவளும் நான்தான்.

மிசாவோ


ஹமாதா
20 மே 1976

மிசாவோவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஒரு பாரம் இறங்கி இன்னொன்று ஏறிக்கொண்டது. நீ என்னை ஒதுக்கவில்லை என்பது சரி. பெற்ற பெண்ணையே எனக்குத் தெரியவில்லை என்பது அதைவிடக் கேவலம் இல்லையா?

அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். வாடிக்கையாளர் தலையைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடாமலே திரும்பினாள். "சொந்தப் பொண்ணைத் தெரியாத கண்ணு எதுக்கு? சந்தையில குடுத்தா மீனுக்காவது வச்சுக்கட்டும்." அந்த ஆள் தலையில் சோப்புடன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குச் செய்தி அப்படித்தான் போனது.

யோசித்துப் பார்த்தேன். முப்பது வருஷமாக நான் ஆட்களைப் பின்னாலிருந்துதான் பார்க்கிறேன். முன்பக்கம் கண்ணாடியில்தான் தெரியும், அதுவும் இடம்வலம் மாறி. வீதியில் எதிரே வருகிறவரைப் பார்த்தால் எனக்குச் சட்டென்று பிடிபடாது. தாண்டிப் போனபின் பின்கழுத்தைப் பார்த்துத்தான், அடடா இவர் நம்ம ஐஸ் பேக்டரி கணக்கர் என்று கூப்பிடுவேன். உன் பின்கழுத்தில் முடிக்கோடு நேராக இருக்காது. இடப்பக்கம் ஒரு நெல்மணி அளவுக்கு இறங்கும். எவ்வளவோ தடவை மழித்துப் பார்த்தேன், அது அப்படித்தான் வளரும். அம்மாவுக்கும் அதே கோடுதான். அன்றைக்கு நான் முகத்தைப் பார்த்ததுதான் தப்பு.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனி நான் கியோத்தோ வர மாட்டேன். கோபம் இல்லை. மறுபடி வந்து, மறுபடி வேறு யாரையாவது உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதை நீ பக்கத்தில் நின்று பார்க்கும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? அதற்கு நான் இங்கேயே இருப்பது மேல். நீ எழுது. உன் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா


கியோத்தோ
10 செப்டம்பர் 1978

அப்பாவுக்கு,

இரண்டு வருஷமாக வானிலை, கருவாடு, அம்மாவின் முழங்கால்வலி என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். கருவாட்டை வீட்டம்மா இப்போது தானாகவே கேட்கிறார். தனி டப்பா போட்டு வைத்திருக்கிறார்.

என் கழுத்துப்பட்டி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வருகிறது. முதலில் முழுச் சிவப்பு. இப்போது சிவப்பின்மேல் வெள்ளை நூல் வேலை ஏறி, தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை மாதிரியே தெரியும். தலைக்கட்டும் மாறிவிட்டது, பெரிய பெண்களின் கட்டு. இன்னும் ஒன்றரை வருஷத்தில் பட்டி முழு வெள்ளை ஆக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் மைக்கோ என்பது போய் முழு கெய்ஷா. இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். எது என்று வீட்டம்மா கேட்க ஆரம்பித்திருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் தொழிலில் ஒரு சந்தேகம். இங்கே ஒரு அக்காவுக்கு உச்சந்தலையில், கொண்டையை முடிந்து இழுத்துக் கட்டும் இடத்தில், முடி கொட்டி வட்டமாகத் தெரிகிறது. அதற்கு என்ன தடவலாம்? அவள் மிகவும் கவலைப்படுகிறாள்.

மிசாவோ


ஹமாதா
15 செப்டம்பர் 1978

மிசாவோவுக்கு,

முடி கொட்டுவதற்கு மருந்து கேட்டு நீ எழுதியிருக்கும் ஆளைக் கொஞ்சம் நினைத்துப் பார். அந்த மருந்து தெரிந்திருந்தால் அவன் தலை இப்படியா இருக்கும்? கடற்பாசி தின்னச் சொல்வார்கள். நான் தின்ற பாசிக்குக் கடலே காலியாகியிருக்க வேண்டும்.

இந்த வரிவரை சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். பிறகு பேனாவை வைத்துவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். எந்த அக்கா என்று பெயர் போட்டு எழுதுகிறவள் நீ. இந்த அக்காவுக்குப் பெயர் இல்லை.

நீதானே?

தலைமுடியை அந்த இழுப்பு இழுத்து, அப்படியே வாரம் முழுக்க விட்டால் வேர் தாங்காது. இதற்குப் படிப்பு வேண்டாம். இருபது வயதுகூட ஆகாத பெண்ணின் உச்சியில் சொட்டை. நான் சொட்டையானது ஐம்பதில். அதற்கே உன் அம்மா ஒரு வருஷம் துக்கம் கொண்டாடினாள்.

வந்துவிடு. வெள்ளைப்பட்டியும் வேண்டாம், சிவப்புப்பட்டியும் வேண்டாம். வீட்டம்மாவிடம் நான் பேசுகிறேன். இங்கே யாரும் உன் தலையைப் பார்க்க மாட்டார்கள், பார்த்தால் அவர்கள் தலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா


கியோத்தோ
1 அக்டோபர் 1978

அப்பாவுக்கு,

நான்தான்.

ஆனால் வர மாட்டேன். மருந்து கேட்டேன், வண்டிச்சீட்டு கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நீங்கள் வீட்டம்மாவிடம் பேசினால் முன்னே மேலுதடு என்று கூப்பிட்டவர்கள் இனி என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

போன வாரம் ஒரு விருந்தில் ஆடினேன். ஆடி முடித்துத் திரும்பியபோது ஒரு வயதான இசைக்காரம்மா, "இன்னிக்கு நீ திரும்பின விதம் சரி" என்றார். மூன்று வருஷத்தில் முதல்முறை. அந்த ஒரு வார்த்தைக்காக உச்சியில் இன்னொரு வட்டம் விழுந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. இரண்டும் உண்மைதான்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

மிசாவோ


கியோத்தோ
20 ஜனவரி 1980

அப்பாவுக்கு,

முடிவு சொல்லிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் பட்டி மாற்றுகிறேன். வெள்ளைப்பட்டி, தோள் மடிப்பைப் பிரித்துவிடுவார்கள், இனிமேல் சொந்த முடி இல்லாமல் சவுரித் தலைதான். உச்சியில் இருக்கும் வட்டத்துக்கு அது பெரிய விடுதலை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கழுத்தோடு வெட்டிக்கொண்டு தூங்கலாம். பஞ்சுத் தலையணையில். நான்கு வருஷமாக நான் கனவு கண்டது அரண்மனையை இல்லை, பஞ்சுத் தலையணையை.

மாற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நாளுக்கு மட்டும் கட்டும் கடைசித் தலைக்கட்டு ஒன்று இருக்கிறது. அப்போது பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வோம். நம்ம அம்மா பார்த்தால் மயங்கி விழுவார். அந்தக் கட்டின் கடைசி நாளன்று மாலையில் கொண்டையின் நுனியைக் கத்தரித்து அவிழ்ப்பார்கள். வீட்டம்மா, அக்காமார்கள், வேண்டியவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துணுக்கு வெட்டுவது வழக்கம்.

நான் வீட்டம்மாவிடம், முதல் வெட்டு என் அப்பா வெட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "உங்க அப்பா தொழில்காரர், எங்களைவிட நல்லா வெட்டுவார்" என்றார். இந்தத் தடவை இதற்கு வேறு பொருள் இல்லை. எனக்கு இப்போது தெரியும்.

கொண்டை அவிழ்ந்தால் எல்லாருக்கும் முன்னால் அந்த வட்டம் வெளியே வரும். தடவிப் பார்த்திருக்கிறேன், கண்ணாடி பிடித்தும் பார்த்திருக்கிறேன், தலை கட்டிவிடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் காட்டியதில்லை. அன்றைக்கு முதலில் பார்க்கிறவர் நீங்களாக இருந்தால் எனக்குப் பயம் இருக்காது.

வர மாட்டேன் என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் எழுதினீர்கள். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. வருவீர்களா?

மிசாவோ


ஹமாதா
27 ஜனவரி 1980

மிசாவோவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்றுமுறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். முதல் இரண்டிலும் வரவில்லை என்று எழுதினேன். மூன்றாவதில் வருகிறேன் என்று எழுதிவிட்டுப் பயந்து கிழித்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு அவ்வளவு தூரம் ரயில்ல உக்கார முடியாது. நீங்க போங்க. வேற யார் கொண்டையையாவது வெட்டிட்டு வந்து நிக்காதீங்க" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் என் வெள்ளைச் சட்டையை எடுத்தாள். காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

எந்தக் கத்தரி கொண்டுவர? நீளமானதா, சின்னதா? இரண்டையும் சாணை பிடித்துவிட்டேன்.

ரயிலடிக்கு யாரையும் அனுப்பாதே. அந்தப் பாலம் வழியாக நானே வருகிறேன்.

அப்பா


ஹமாதா
3 மார்ச் 1980

மிசாவோவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான், "சரியான ஆளா?" நடந்ததையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். உனக்கும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்ததில் பாதி உன் முதுகுக்குப் பின்னால் நடந்தது, நீ பார்க்கவில்லை.

முதலில் பாலம். நான் சீக்கிரமே வந்துவிட்டேன், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மைக்கோக்கள் வந்தார்கள், போனார்கள். எல்லா முகமும் வெள்ளை, எல்லா முகமும் அழகு, ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டேன். பிறகு ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். கறுப்புக் கிமோனோ. அவளும் என்னைப் பார்க்கவில்லை, குனிந்த தலையோடு வேகமாகப் போனாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்கழுத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பூச்சுக்கு நடுவே தோல் தெரியும்படி நாக்கு நாக்காக விட்டிருந்தார்கள். அதற்கு மேலே முடிக்கோடு. இடப்பக்கம் ஒரு நெல்மணி இறக்கம்.

நூறு தடவை மழித்த கழுத்து. இருந்தாலும் சட்டென்று கூப்பிடவில்லை, கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தேன். எந்தப் பெயர் சொல்வது என்று தெரியவில்லை. மிசாவோ என்று கூப்பிட வேண்டாம் என்று நீ ஒருகாலத்தில் எழுதியது ஞாபகம் வந்தது. உமேசயோ என்றேன். சத்தமாக இல்லை, துறைமுகத் தொண்டையை அமுக்கிக்கொண்டு. நீ திரும்பினாய், பல்லெல்லாம் கறுப்பாக. "அப்பா" என்றாய். அதற்கப்புறம் ரெண்டுபேரும் என்ன பேசினோம் என்று எனக்கு ஞாபகமில்லை. கருவாடு கொண்டுவந்தீர்களா என்று நீ கேட்டதாக ஞாபகம்.

அப்புறம் மாலை. நீ முன்னால் உட்கார்ந்து என் பக்கம் முதுகைக் காட்டியிருந்தாய். சலூனில் எனக்குப் பழக்கமான இடம்தான், உன் பின்னால். சின்னக் கத்தரியை எடுத்தேன். நுனியை வெட்டியதும் வீட்டம்மாவும் அக்காமார்களும் ஒவ்வொருவராக வந்து ஒரு துணுக்கு வெட்டினார்கள். பிறகு முடிச்சை அவிழ்த்தேன். முடி சரிந்தது. நடுவில் அந்த வட்டம்.

நீ தோளைக் குறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். உன்னை யாரும் பரிதாபமாகப் பார்த்துவிடக் கூடாதே என்று என் வாய் மறுபடி முந்திக்கொண்டது. உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடிக்கொண்டு, "மன்னிக்கணும். இது எங்க வம்சத்துல வர்றது. உச்சியில மயிர் நிக்காது. என்னைப் பாத்தாலே தெரியும்" என்று என் மொட்டையைக் குனிந்து காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், உன் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

அதோடு முடிந்தது என்று நீ நினைத்திருப்பாய். முடியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தால், சசாயா அம்மா எனக்குப் பக்கத்தில், உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும் இல்லையா? உன் பக்கம் ஒருதடவை பார்த்துக்கொண்டார், நீ திரும்பவில்லை. பிறகு தன் தலையைக் குனிந்து, நரைத்த முடியை உச்சியில் இரண்டு விரலால் விலக்கினார். அங்கே ஒரு வட்டம். உன்னுடையதைவிடப் பெரிது, வழவழவென்று. பக்கத்தில் இருந்த உமேச்சிகா அக்காவும் சவுரிக்கு உள்ளே இருந்த தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். மற்றவர்களும். ஒருத்தி நாக்கைத் துருத்திக்கொண்டே காட்டினாள்.

சசாயா அம்மா முடியைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சொன்னார். "அப்படின்னா நாங்களும் உங்க வம்சம்தான்."

எனக்கு அந்த மாதிரி நேரத்தில் வரும் பதில் எல்லாம் வேடிக்கையாக இருக்கும், அது வேடிக்கைக்கான நேரமில்லை. உன் முடியைச் சீவி கழுத்தோடு வெட்டி முடித்தேன். அவ்வளவு நேராக நான் யாருக்கும் வெட்டியதில்லை. இடப்பக்கம் நெல்மணி இறக்கத்தை அப்படியே விட்டேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும் நெடுநேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்தபிறகும் தேய்த்தாள். கடைசியில் சொன்னாள், "சரி. அவங்களையும் அம்மான்னே கூப்பிடட்டும்." சித்தி பேச்சு இனி வராது என்று நினைக்கிறேன்.

பட்டி மாற்றிய அன்று வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு எடுத்த படத்தை நீ அனுப்பியிருக்கிறாய், நன்றாக இருக்கிறது. அதை அம்மா எடுத்துக்கொண்டாள். கொண்டை அவிழ்ப்பதற்கு முன்னால் கிகுஹனா எடுத்த இன்னொரு படம் என்னிடம் இருக்கிறது. நீ முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் படம். அதைச் சலூன் கண்ணாடியில், பழைய வெள்ளைச் சதுரம் இருந்த இடத்திலேயே ஒட்டினேன். சரியாகப் பொருந்திவிட்டது.

இன்று காலை ஒகினோ வந்து பார்த்தான்.

"யாரு இது?"

"என் பொண்ணு."

"முகமே தெரியலையே."

"எனக்குத் தெரியுது" என்றேன். "உக்காரு, உன் கழுத்தைப் பாப்போம்."

அப்பா